எட்டுக் கிலோவும் ஐம்பத்தெட்டு டன்னும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு)

குமணன் என்றதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் ஒரு வாள் மின்னும். தம்பி தன் தலைக்கு விலை வைத்திருந்த வேளையில், வறுமையோடு வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றுமின்றித் தன் வாளையே நீட்டிய வள்ளல் அவன். அப்பெயர் தாங்கிய நம் குமணன்சாவடிக்கு வடக்கே, சில கல் தொலைவில் இருக்கிறது ஆவடி. 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வந்தது. 58 டன் எடையுள்ள அர்ஜுன் டாங்கி அங்கேயே வடிவமைக்கப்பட்டு, அங்கேயே கட்டப்பட்டது.

இத்தனை பெரிய டாங்கியைச் செய்யத் தெரிந்த நாடு, ஒரு ஜவான் தோளில் சுமந்து செல்லும் எட்டுக் கிலோ இயந்திரத் துப்பாக்கியை அயல்நாட்டிடம் வாங்கியது ஏன்? 2020 மார்ச்சில் இஸ்ரேலிய நிறுவனத்திடம் 16,479 நெகெவ் துப்பாக்கிகளுக்கு நம் அரசு ஒப்பந்தமிட்டது. விலை 880 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 லட்சத்து 34 ஆயிரம். கலைக் கல்லூரி மாணவனுக்குத் துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். வரி கட்டுவது நம் வீடு. அதைச் சுமப்பதும் நம் வீட்டுப் பிள்ளை.

முதலில் கருவியைப் பார்ப்போம். நம் படையில் நெடுங்காலம் இருந்த பிரென் துப்பாக்கிக்குத் தலைமேல் ஒரு மேகசின். அதில் 30 தோட்டா. அது தீர்ந்தால் மாற்ற வேண்டும். பெல்ட் முறையிலோ நூறு, இருநூறு தோட்டாக்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும். ஒரு தோட்டா வெடித்ததும் குழலில் எழும் வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைப் பின்னே தள்ளும். அந்த ஓட்டமே பெல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை வாய்க்குக் கொண்டுவரும். இடைவிடாமல் சுட்டால் குழல் பழுக்கக் காயும். ஆகவே நொடிகளில் கழற்றி மாற்றும் குழல் வேண்டும். இத்தனையும் வைத்து எடையைக் குறைக்கவும் வேண்டும்! டாங்கியில் ஓரிடம் வலுவிழந்தால் இரும்பைக் கூட்டலாம். இங்கே கூட்டும் ஒவ்வொரு பலமும் மலையேறுபவன் முதுகில் ஏறும். சிறிய கருவி எளிய கருவி அன்று.

பெல்ஜியம் இதை எப்படிச் சாதித்தது? அந்நாட்டின் எஃப்.என். நிறுவனத்தில் எர்னஸ்ட் வெர்வியே 1950களில் 'மாக்' துப்பாக்கியை வடிவமைத்தார். எடை ஏறத்தாழ 12 கிலோ. அவரே 1970களில் சிறிய 5.56 மி.மீ. தோட்டாவுக்கு 'மினிமி'யைப் படைத்தார். எடை 7 கிலோ அளவில் நின்றது. பெல்ட் இல்லாத வேளையில் ரைபிளின் மேகசினையும் அது ஏற்கும். பாராசூட் வீரருக்குக் குறுங்குழலும் மடக்குக் கட்டையும் கொண்ட வகை பிறந்தது. அமெரிக்கா 1980களில் எம்.249 என்று ஏற்றது, பின்னர் 7.62 மி.மீ. வகையும் வந்தது. இஸ்ரேலும் அவ்வழியே சென்றது. 1990களில் 5.56 நெகெவ், 2012இல் நாம் வாங்கிய 7.62 நெகெவ். ஒரு மரம், பல கிளைகள். ஒவ்வொரு கிளையும் போர்வீரனின் ஒரு குறைக்குக் கிடைத்த விடை.

நம்மிடம் அறிவு இல்லையா? உண்டு. 'மாக்' துப்பாக்கியைக் கான்பூர் தொழிற்சாலை உரிமம் பெற்று ஆண்டுக்கணக்காகச் செய்கிறது. திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. புனே ஆய்வகம் 'இன்சாஸ்' குடும்பத்தை வடிவமைத்தது; அதில் ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கியும் உண்டு. ஆனால் அதுவும் 30 தோட்டா மேகசினோடு நின்றுவிட்டது. 1999 கார்கில் குளிரில் இன்சாஸ் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்தன. குறை எந்தக் கருவிக்கும் வரும். அக்குறையிலிருந்து அடுத்த வகையும், அதிலிருந்து அதற்கடுத்ததும் பிறந்திருக்க வேண்டும். நாம் கிளை விடுவதற்குள் மரத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போனோம். நாம் தோற்றது தொழிலில் அன்று, தொடர்ச்சியில்.

எல்லையில் வீரன் நிற்கையில், உள்நாட்டுக் கருவி வரும்வரை காத்திரு என்று சொல்ல முடியுமா என்பர் சிலர். முடியாது. அவசரத்துக்கு வாங்கியதை நான் குறை கூறவில்லை. மத்தியப் பிரதேசத்து மாலன்பூரில் இஸ்ரேலிய நிறுவனத்தோடு கூட்டாக 2017இல் தொடங்கிய தொழிற்சாலையையும் வரவேற்கிறேன். ஆனால் உரிமம் பெற்றுச் செய்வது வேறு, வரைபலகையில் பிறப்பிப்பது வேறு. பிறர் வரைந்த படத்தை எத்தனை முறை நகலெடுத்தாலும், அந்தக் கோடு ஏன் அங்கே வளைகிறது என்பது வரைந்தவனுக்கே தெரியும்.

2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடி ஒன்றின் தலைமையிடமாயிற்று. திருச்சி, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொன்றில் சேர்ந்தது. பெயர்ப்பலகை மாறியது. மாற வேண்டியது வேறொன்று: சுடுபவன், வரைபவன், கடைபவன் மூவரும் ஆண்டுதோறும் ஒரே மேசையில் அமர வேண்டும். பனியில் திணறிய துப்பாக்கியின் கதை மறு ஆண்டே வரைபலகைக்கு வர வேண்டும்.

கருவியை வாங்கலாம், அதைத் திருத்தும் அறிவை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. துப்பாக்கியே தேவைப்படாத உலகம் வந்தால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன். அதுவரை, நம் பிள்ளை தோளில் ஏறும் எட்டுக் கிலோ நம் மூளையில் பிறந்ததாக இருக்கட்டும்.