தழும்பின் நீளமும் காத்திருப்பின் நீளமும்

குளியலறையில் வழுக்கி விழும் முதியவரின் இடுப்பு முறிவு இன்று சில சென்டிமீட்டர் கீறல்களின் வழியே சரிசெய்யப்படுகிறது. இவ்வளர்ச்சி பாராட்டுக்குரியதே. ஆயினும், அம்முதியவர் மீண்டும் எழுந்து நடப்பாரா என்பதில் தழும்பின் நீளத்தைவிடக் காத்திருப்பின் நீளத்திற்கே பெரும்பங்கு உண்டு என்பது இந்தியாவில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

தொடையெலும்பின் மேற்பகுதியில், மூட்டு உறைக்கு வெளியே நேரும் முறிவுகளுக்கே இம்முறை பெரிதும் பயன்படுகிறது. காலை இழுவை மேசையில் பொருத்தி, சி-ஆர்ம் எக்ஸ்ரேயின் துணையுடன் எலும்பு நேராக்கப்படுகிறது. பின்னர் எலும்பின் உட்குழலுக்குள் உலோக ஆணியும், அதனூடாகத் தொடையெலும்பின் தலைக்குள் திருகாணியும் செலுத்தப்படுகின்றன. எலும்பு சரியாக நேராகாவிடில் கீறல் சிறிதாயிருந்து பயனில்லை. திருகாணியின் முனை நிற்கும் இடமே அது எலும்பைத் துளைத்து வெளிவருமா என்பதைப் பெரிதும் முன்னுணர்த்துகிறது என்று பாம்கார்ட்னர் குழுவினர் 1995இல் காட்டினர். இவை அறுவை அரங்கிற்குள் அடங்கும் திறன்கள். அரங்கிற்கு வெளியே கழியும் நேரத்திற்கு யார் பொறுப்பு?

17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில், இந்தியாவையும் உள்ளடக்கி, 2,970 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நோயறிந்து ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அறுவை செய்தபோதும், 24 மணி நேரத்தில் செய்ததைவிட இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது. நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றனர். விரைவில் வீடு திரும்பினர். அங்கே தாமதமான தரப்பிற்கே 24 மணி நேரம்தான் என்பது கவனிக்கத்தக்கது. இங்கோ நாட்டு வைத்தியம், பணம் திரட்டல், இதய மருத்துவரின் ஒப்புதல், அரங்கில் இடமின்மை என நாட்கள் கழிகின்றன. படுக்கையிலேயே கழியும் அந்நாட்களில் நுரையீரல் தொற்றும் படுக்கைப் புண்ணும் இரத்த உறைவும் நெருங்குகின்றன.

இங்கிலாந்து 2010இல், 36 மணி நேரத்திற்குள் அறுவை உள்ளிட்ட தரங்களை நிறைவேற்றும் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் கட்டணம் வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் 70 வயது கடந்த அனைவருக்கும் 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு விரிவாக்கப்பட்டுள்ளது. செலவை ஏற்கும் அரசு, விழுந்த நேரம், அறுவை நேரம், முதன்முதலாக எழுந்து நின்ற நேரம் ஆகிய மூன்றையும் பதிவுசெய்யுமாறு கோரலாம். அளக்கப்படாத தாமதம் குறைவதில்லை. புதிய கருவிகளுக்குச் செலவிடும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும் கடிகாரத்தைப் பார்ப்பதில் காட்டப்பட வேண்டும்.