ராம் போட ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும்

“குட்டி கம்ப்யூட்டரைப் பிரிக்கவே தனி டூல்ஸ் வேண்டும் சார், வீட்டில் கை வைக்காதீங்க.” மினி பிசியில் ராம் கூட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், கடையிலும் ஆபீசிலும் இந்தப் பதில்தான் வரும். இதை நம்பி, 8 ஜிபியில் திணறும் நல்ல இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அந்த வீண்செலவுதான் இதை எழுத வைத்தது.

முதலில் கருவிப் பேச்சு. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 2005இல் வந்த முதல் மேக் மினிக்கு வெளியே ஒரு திருகுகூடக் கிடையாது. பெயின்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை அடி விளிம்பின் இடுக்கில் செருகி, உள்ளேயுள்ள பிளாஸ்டிக் கொக்கிகளை நெம்பித்தான் திறக்க வேண்டும். ஆனால் 2010இல் வந்த மேக் மினிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பெட்டியைக் கவிழ்த்து, அடியிலுள்ள வட்டமான கறுப்பு மூடியில் இரண்டு கட்டைவிரலையும் பதித்துத் திருப்பினால் கழன்றுவிடும், ராம் கண்ணெதிரே நிற்கும். 2012 மாடல் வரை இப்படித்தான். 2014இல் ராமை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். 2018இல் ஸ்லாட் திரும்பி வந்தது. ஆனால் அதை எட்ட ஆறுமுனை டார்க்ஸ் திருகுகளைக் கழற்றி, ஃபேனை எடுத்து, மதர்போர்டையே வெளியே தள்ள வேண்டும். 2020இன் எம்1 மாடலில் ப்ராசசர் இருக்கும் அதே பொதிக்குள் ராமும் போய்விட்டது.

கவனியுங்கள், 2010 முதல் 2020 வரை அந்தப் பெட்டி 19.7 செ.மீ. சதுரமாகவே இருந்தது. அளவு மாறவில்லை, ராம் மாற்றுவது மட்டும் வெறுங்கை வேலையிலிருந்து முடியாத வேலையாகிவிட்டது. அதனால் ‘சின்னது, ஆகவே கஷ்டம்’ என்பது தவறு. தயாரிப்பாளர் எடுத்த முடிவுதான் கஷ்டத்தைக் கொண்டுவந்தது.

மற்ற நிறுவனங்களின் பெட்டிகள் இன்னும் எளிது. இன்டெல் நக் வகையில் அடியில் நான்கு மூலைத் திருகுகளைத் தளர்த்தினால் மூடி கையோடு வரும். லெனோவா டைனியில் பின்பக்கம் ஒரே திருகு. அதன்பின் மூடி நகரும், பல மாடல்களில் ராம் அடிமூடிக்குக் கீழே இருக்கும். டெல் மைக்ரோ, எச்பி மினி வகைகளில் பின்னாலுள்ள திருகைப் பெரும்பாலும் விரலாலேயே திருப்பலாம். சில மாடல்களில் ஃபேனையோ டிஸ்க் வைக்கும் தட்டையோ தூக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. வீட்டில் கிடக்கும் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இதற்கெல்லாம் போதும்.

அடுத்த பயமுறுத்தல், ஸ்டாட்டிக். இது பொய்யில்லை. நம் உடம்பில் சேரும் மின்னூட்டம், நாம் உணராத அளவிலேயே சிப்பைக் கெடுக்கக்கூடும். நாள் முழுக்க ஏசி அறையில் போர்டுகளோடு வேலை செய்கிறவர் மணிக்கட்டுப் பட்டை கட்டுவதுதான் சரி. ஒரே ஒரு ராம் மாற்றுகிறவருக்கு வேண்டியது, தன் உடம்பும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, பெட்டியின் பூச்சில்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு, ராமை ஓரங்களில் மட்டும் பிடித்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

வாரண்டி போய்விடும் என்பது மூன்றாவது. லெனோவா தன் டைனி மாடல்களின் கையேட்டில் ராமை வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகங்களில் சேர்த்திருக்கிறது. டெல் தன் சர்வீஸ் கையேடுகளை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. செய்யக் கூடாத வேலைக்கு வழிமுறை எழுதித் தருவார்களா? உங்கள் மாடலின் கையேட்டைப் படித்தபின் முடிவெடுங்கள். கடைக்காரர் வாய்மொழியை வைத்து வேண்டாம்.

கவனம் தேவைப்படும் இடம் கருவியில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது. இதை யாரும் எச்சரிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லேப்டாப்புக்கான சிறிய ராமையே ஏற்கும். டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262; வெட்டுப் பள்ளமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று இன்னொன்றில் நுழையாது. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், தவறான ராம் என்று அர்த்தம். டிடிஆர்3க்குள்ளேயே 1.35 வோல்ட் ரகத்தை மட்டும் ஏற்கும் பெட்டிகள் உண்டு. சரியான ராமைப் பள்ளம் பார்த்துச் சாய்வாகச் செருகி, தங்கநிறப் பட்டைகள் ஏறக்குறைய முழுதும் உள்ளே போனபின் கீழே அமுக்கினால், இருபக்கக் கிளிப்பும் ‘டக்’கென்று பிடிக்கும். முதல்முறை ஆன் செய்யும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம், முக்கியமாக டிடிஆர்5இல். பதறி உடனே அணைக்க வேண்டாம்.

சால்டர் செய்த பெட்டிகளில் மட்டும் ‘கை வைக்காதீங்க’ என்பது சரிதான். அங்கே எந்த டூல்ஸும் உதவாது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காட்டினால் ராம் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியது. ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றால் ஸ்லாட்டில் இருப்பது. எத்தனை ஸ்லாட் காலி என்பதும் அங்கேயே தெரியும். அடுத்த முறை மினி பிசி வாங்கப் போகும்போது விலைக்கு முன்பே இதைக் கேளுங்கள்: ராம் ஸ்லாட்டா, சால்டரா?