சராசரியில் தொலையும் கால்பங்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளையில் ஒரு மாடி வீட்டுக்குக் கணிப்புச் செய்வதாக வைத்துக்கொள்வோம். நாலு மீற்றர் சதுர அறை, 125 மில்லிமீற்றர் சிலாப், சுற்றிவர பீம். சதுர மீற்றருக்குச் சிலாப்பின் சுயநிறை 3, தரைப்பூச்சு முதலியவை 1, ஆட்களும் தளபாடமும் 1.5 கிலோநியூற்றன். பி.எஸ். 8110இன் 1.4, 1.6 காரணிகளால் பெருக்கிக் கூட்டினால் 8.

மூலைகளிலிருந்து 45 பாகையில் கோடு கீறினால் ஒவ்வொரு பீமுக்கும் ஒரு முக்கோணச் சுமை வரும். முனைகளில் பூச்சியம், நடுவில் மீற்றருக்கு 16, மொத்தம் 32 கிலோநியூற்றன். அந்த 32ஐ நீளத்தால் வகுத்து, மீற்றருக்கு 8 என்று சீராகப் பரப்பிவிடுவது எளிது. முனைத் தாக்கத்துக்கு அது பிழையில்லை. பக்கத்துக்கு 16 சரியாகவே வருகிறது. வளைவுத் திருப்பத்தில்தான் வில்லங்கம். பீம் இரு முனையிலும் வெறுமனே தாங்கப்பட்டிருந்தால், சீரான 8 தருவது 16 கிலோநியூற்றன் மீற்றர். உண்மையான முக்கோணத்துக்கு, உச்சச் சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். விடை 21.3. கால்பங்கு குறைத்துக் கம்பி போடுகிறோம்!

காப்புக் காரணிகள் இருப்பதால் வீடு உடனே விழாது. ஆனால் நடுப்பகுதிக் கம்பியில் இழுவை கூடும், அடியில் வெடிப்பு அகலும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் அந்த வெடிப்புக்குள் போவது உப்புக்காற்று. கம்பி துருவேறி ஊதினால் கொங்கிறீற் பெயர்ந்து விழும். மேசன்மாரைக் குறைசொல்லிப் பயனில்லை, பிழை கணிப்புத் தாளில் இருக்கிறது.

சுருக்கவழி வேண்டாம் என்பதல்ல. 1930இல் ஹார்டி குரொஸ் தந்த திருப்பப் பகிர்வு முறையும் கைக்கணக்கை எளிதாக்க வந்ததுதான். முக்கோணச் சுமையில் திருப்பத்துக்கு உச்சத்தின் மூன்றில் இரண்டைச் சீரான சுமையாக எடுங்கள்: இங்கே 10.7. முனைகள் இறுகப் பிடித்த பீமின் முனைத் திருப்பத்துக்கு எட்டில் ஐந்து போதும், வெறுமனே தாங்கப்பட்ட பீமின் தொய்வுக்கு 0.64. ஆக, மூன்றில் இரண்டு இவை எல்லாவற்றுக்கும் பாதுகாப்பான பக்கமே. சிலாப் நீள்சதுரமானால் நீண்ட பீமில் சரிவகச் சுமை வரும், அதைத் தனியே கணியுங்கள். பீமின் சுயநிறையும் மேற்சுவரும் உண்மையிலேயே சீரானவை. அவற்றை முக்கோணத்தோடு கலக்காமல் பின்னர் கூட்டுங்கள்.

கணிப்புத் தாளில் சமான சுமைக்கு ஒரு நிரல் மட்டும் இருந்தால், இனி இரண்டாக்குங்கள்: வெட்டுவிசைக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று. சரிபார்ப்பவர்களும் இரண்டையும் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.