பரிமேல் ஏறியவர்

தெருவில் ஒருவன் நடந்து வருகின்றான்; அவனைப்பற்றி நாம் ஒன்றும் நினைப்பதில்லை. அவனே மிதிவண்டியில் வந்தாலும், பேருந்தில் வந்து இறங்கினாலும், நம் எண்ணத்தில் மாறுதல் இல்லை. ஆனால், அவன் ஒரு குதிரையின்மேல் ஏறி வருவானாயின், உடனே நம் உள்ளம் அவனுக்கு ஒரு வரலாறு எழுதிவிடுகின்றது. 'இவன் பெருஞ்செல்வன்; செருக்கு மிக்கவன்; உடல் வருந்த உழைத்து அறியாதவன்; வாயில்லா உயிரை அடித்து ஓட்டுபவன்' என்று, அவன் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். பந்தயக் குதிரை ஏறுபவனாயின், 'சூதாடி' என்னும் பட்டமும் உடன் சேரும். ஏறி வருபவர் பெண்ணாயின், ஊரார் பேச்சைச் சொல்லவே வேண்டுவதில்லை. யானும் ஒருகால் இத்தகைய தீர்ப்பு ஒன்றை வழங்கிப் பின்பு நாணியவன். ஆதலின், இதனைப்பற்றிச் சில கூற எனக்கு உரிமையுண்டு என்று கருதுகின்றேன்.

இவ்வெண்ணம் வெறும் பொறாமையில் பிறந்தது என்று தள்ளிவிடுதல் முறையன்று. அதற்கு ஆழ்ந்த வேர் உண்டு. தமிழகம் குதிரைவளம் படைத்த நாடன்று. யானை நம் காடுகளில் பிறந்தது. எருது நம் வயல்களில் வளர்ந்தது. குதிரையோ கடல் கடந்து கலத்தில் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களுள் குதிரையும் ஒன்று என்பதனைப் பட்டினப்பாலை கற்றோர் அறிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் பாரசீகத் துறைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இங்கு வந்து இறங்கின என்று எழுதியுள்ளார். பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பெற்ற அவற்றுள் மிகப் பல ஓராண்டு நிறைவதற்குள் மடிந்தன என்பதும், முறையறிந்து பேணுவார் இன்மையே அதற்குக் காரணம் என்பதும் அவர் கூற்று. திருவாதவூரர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு நாட்டின் அமைச்சரே கருவூலத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு செல்லவேண்டிய அளவிற்குக் குதிரை அருமையான பொருளாக இருந்தது.

அருமையான பொருள் யாரிடம் சேரும்? அரசனிடமும் படைத்தலைவனிடமும் சேரும். ஆகவே, நம் முன்னோர் கண்ட குதிரைவீரர் எல்லாரும் ஆள்பவராகவே இருந்தனர். திருவரங்கத்துச் சேடராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பாருங்கள்; அவற்றின்மேல் அமர்ந்திருப்போர் உழவரும் அல்லர், வணிகரும் அல்லர். ஆங்கிலேயர் காலத்திலும் வரி தண்ட வந்த துரை குதிரைமேல் வந்தான். கூட்டத்தைக் கலைக்க வந்த காவலனும் குதிரைமேல் வந்தான். இவ்வாறு பல நூற்றாண்டுகள் கண்ட காட்சி நம் நெஞ்சில் படிந்துவிட்டது. சவாரி செய்பவனைக் கண்டதும் ஒதுங்கி நிற்பது நம் கால்களுக்கே பழகிப்போயிற்று.

ஆயினும் ஒன்று கூறுவேன். பண்டை நாளில் குதிரை வெறும் பெருமைப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. மலையமான் திருமுடிக்காரி ஏறிய குதிரைக்குக் காரி என்பதே பெயர். வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்பதே பெயர். சிறுபாணாற்றுப்படையில் இதனைக் காணலாம். தன் பெயரையே தன் குதிரைக்கும் வழங்கிய ஒருவன் அதனை ஒரு பொருளாக மட்டும் எண்ணியிருப்பான் என்று என்னால் நம்ப இயலவில்லை.

ஒரு நாட்டில், ஒரு காலத்தில் உண்மையாய் இருந்ததை எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் உரியதாக்குவதே நாம் செய்யும் பிழை. மங்கோலிய நாட்டிற்குச் சென்று, 'குதிரை ஏறுவோர் செல்வர்' என்று சொன்னால் அங்குள்ளோர் நகைப்பர். பரந்த புல்வெளியில் ஆடும் மாடும் மேய்ப்போர்க்குக் குதிரை, நமக்கு மிதிவண்டி எப்படியோ அப்படி. நாதம் என்னும் அவர்தம் திருவிழாவில் நிகழும் நெடுந்தொலைக் குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்பவர் சிறுவரும் சிறுமியருமே. மங்கோலியா வரையில் போவானேன்? நம் மலைநகரங்களின் ஏரிக்கரைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் சென்று பாருங்கள். அங்குக் குதிரைமேல் ஏறி மகிழ்பவர் விடுமுறைக்கு வந்த விருந்தினர். குதிரையை உடையவனோ செருப்பும் இன்றிக் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் ஓடி வருகின்றான். குதிரையின்பால் அவன் பெற்ற செல்வம், நாள் முழுதும் ஓடியபின் கையில் நிற்கும் சில உரூபாய்களே. அதிலும் பாதி கொள்ளுக்கும் புல்லுக்கும் போய்விடும்.

அத்தகைய ஒருவனின் மகன் என்னிடம் பயின்றான். மலைநகர் ஒன்றில் யான் தமிழாசிரியனாய்ப் பணியாற்றிய காலம் அது. அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். காலையில் குதிரைகளுக்குத் தேய்த்துவிட்டுத் தீனி வைத்துவிட்டு வருவான். ஆதலின் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே வருவான். அவன் உடையில் இலாய நாற்றம் இருக்கும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வர். ஒருநாள் அவன் குதிரைமேல் விரைந்து வந்து, பள்ளிக்கு அருகில் இறங்கி, அதனைத் தம்பியிடம் ஒப்புவித்துவிட்டு உள்ளே நுழைந்ததை யான் சாளரத்தின் வழியே கண்டேன். 'அரசர் பவனி முடிந்ததோ? குதிரை ஏறுவோர்க்குக் குறள் எதற்கு?' என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலைகுனிந்து தன் இடத்தில் போய் அமர்ந்தான். சொல் நயமாக அமைந்தது என்று யானும் உள்ளூர மகிழ்ந்தேன். புலவர்க்கு இஃது ஒரு நோய். எதுகை வாய்த்துவிட்டால் எதிரில் இருப்பவன் முகம் கண்ணுக்குப் படுவதில்லை. அதன் பின் நிகழ்ந்ததை இறுதியில் கூறுகின்றேன்.

'குதிரைதானே ஓடுகின்றது, மேலிருப்பவனுக்கு என்ன உழைப்பு?' என்பது மற்றொரு கூற்று. ஒருமுறை ஏறிப் பார்த்தவர் இதனைக் கூறார். குதிரையின் கண்கள் முகத்தின் இருபுறமும் அமைந்தவை. சுற்றிலும் ஏறக்குறைய அனைத்தையும் அது காணும். ஆனால், தன் நெற்றிக்கு நேர்முன்னே மிக அணுக்கத்தில் இருப்பதும், தனக்கு நேர்பின்னே இருப்பதும் அதற்குப் புலப்படா. ஓர் ஈ அமர்ந்தாலும் உணரும் மெல்லிய தோல் அதனுடையது. மேலிருப்பவன் அஞ்சினால் அவன் தொடை இறுகும். அவ்விறுக்கத்தால் அதுவும் அஞ்சும். ஆகவே, ஏறியவன் இடுப்பாலும் முழங்காலாலும் விரல்நுனியாலும் ஓயாது அதனோடு பேசிக்கொண்டே இருத்தல் வேண்டும். டிரஸ்ஸாஜ் என்னும் நடைப்போட்டியில் வாயால் அதட்டுதலும் குற்றமாம். அங்கே நன்றாக ஏறியவன் ஒன்றும் செய்யாதவன் போலவே தோன்றுவான். அவன் சோம்பேறி என்று நாம் எண்ணுவதற்கு அவனுடைய தேர்ச்சியே காரணமாகின்றது!

பந்தயக் குதிரை ஏறுவோர் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் பெரும்பாலும் 50 முதல் 60 கிலோவுக்குள் தம் எடையைக் காத்தல் வேண்டும். விருந்தில் அமர்ந்தும் வயிறார உண்ண இயலாது. அங்கவடியில் காலூன்றி, சேணத்தில் அமராமல் குனிந்து நின்றவாறே பறந்து செல்கின்றனர். வீழ்ந்தால் பின்வரும் குதிரைகளின் குளம்புகள் காத்திருக்கின்றன. பந்தயத்தில் பணம் வைத்து வீட்டையே இழந்த குடும்பங்களை யான் அறிவேன்; அவ்வழக்கத்தைப் போற்ற யான் ஒருப்படேன். தமிழக அரசும் 1974-ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-ஆம் ஆண்டில், குதிரைப் பந்தயத்தில் மேலோங்கி நிற்பது திறமையே என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பினை ஏற்பாரும் மறுப்பாரும் உளர், அது நிற்க. பணம் வைப்பவன் வேலிக்கு அப்பால் நிற்பவன். குதிரைமேல் இருப்பவன் பந்தயம் கட்டுதலைப் பந்தய விதிகளே விலக்குகின்றன. ஒருவன் ஆடிய சூதிற்கு மற்றொருவனுக்குப் பட்டம் சூட்டுதல் என்ன நீதி?

இத்தகைய எண்ணங்கள் வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டால் தீங்கு சிறிதே. அவை விதியாக எழுதப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. குதிரையேற்றம் உயர்ந்தோர்க்கே உரியது என்னும் கருத்தால், அப்போட்டியில் கலந்துகொள்ளும் படைவீரர் அதிகாரி நிலையில் உள்ளவராக இருத்தல் வேண்டும் என்று முன்பு விதித்திருந்தனர். 1948-இல் இலண்டனில் நடைபெற்ற போட்டியில் சுவீடன் நாட்டுக் குழுவினர் டிரஸ்ஸாஜில் பொற்பதக்கம் பெற்றனர். அவருள் ஒருவர் கேனல் பெர்சன். அவர் சார்ஜண்டாக இருந்தவர். போட்டிக்குச் சற்றுமுன் அவரை அதிகாரியாக உயர்த்தி, முடிந்ததும் பழைய நிலைக்கே இறக்கிவிட்டனர். அஃது அறியப்பட்டதும், 1949-இல் சுவீடனின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் குதிரை ஏறிய முறையில் குற்றம் கண்டார் எவரும் இலர். அவர் தோளில் இருந்த பட்டையிலேயே குற்றம் கண்டனர். பின்னர் அவ்விதி நீக்கப்பட்டது. 1952-இல் எல்சிங்கியில் அதே பெர்சன் அதே குழுவில் நின்று மீண்டும் பொற்பதக்கம் பெற்றார்.

அதே எல்சிங்கியில்தான் பெண்டிர்க்கும் டிரஸ்ஸாஜில் முதன்முறையாக இடம் கிடைத்தது. ஜான்சியின் இராணி இலட்சுமிபாய் 1858-இல் போர்க்களத்தில் குதிரைமேல் இருந்து பொருது வீழ்ந்தவர். அதனை அறிந்த உலகமே, பெண்ணுக்குக் குதிரையேற்றம் ஏலாது என்று மேலும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கூறிக்கொண்டிருந்தது! டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்டெல் என்னும் நங்கை 1944-இல், கருவுற்றிருந்த காலத்தில், இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டார். பல திங்கள் முயன்று நடக்கக் கற்றார். ஆயினும் முழங்காலுக்குக் கீழே உணர்வும் வலிவும் மீளவில்லை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. காலால் குறிப்புக் காட்ட இயலாமையால், உடலின் எடையை இப்பாலும் அப்பாலும் மெல்லச் சாய்த்தே குதிரைக்குத் தம் கருத்தை உணர்த்தினார். அந்நிலையில் எல்சிங்கியில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். பொற்பதக்கம் பெற்ற சுவீடன் நாட்டு என்றி செயின்ட் சிர், பரிசு மேடைமீது ஏற அவருக்குக் கைகொடுத்து உதவினார். 1956-இலும் அவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இன்று இப்போட்டிகளில் ஆடவர்க்கென்றும் மகளிர்க்கென்றும் தனிப் பிரிவு இல்லை. 2023-இல் சீனத்து காங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிரஸ்ஸாஜ் பொற்பதக்கம் வென்ற நம் நாட்டுக் குழுவில் மகளிர் இருவரும் ஆடவர் இருவரும் இருந்தனர்.

இவ்வளவும் கூறியதனால், குதிரை ஏறுவோர் எல்லாரும் நல்லோர் என்று யான் வாதிடுவதாக எண்ணற்க. அதுவும் மற்றொரு முன்முடிபே ஆகும். செருக்கரும் உளர்; கொடியரும் உளர். 2020-ஆம் ஆண்டிற்குரியதாய் 2021-இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக்கில், ஐவகைப் போட்டி ஒன்றில், அடங்காது நின்ற குதிரையைப் பயிற்சியாளர் ஒருவர் கைமுட்டியால் தாக்கியதை உலகமே கண்டது. அப்போட்டியில் அந்நாளில் குதிரை சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்பட்டது. ஏறுபவரும் குதிரையும் ஒருவரை ஒருவர் அறிய இருபது நிமிடமே இருந்தது. அறிமுகம் இன்றி ஒன்றையொன்று நம்பும்படி செய்தால் என்ன விளையும்? 2024 பாரிசுப் போட்டியோடு அவ்விளையாட்டிலிருந்து குதிரையேற்றம் நீக்கப்பட்டது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பது நம் பழமொழி. அதிலும் பழி குதிரைமேலதே!

இனி, அம்மாணவனின் செய்தி. யான் நகையாடிய அன்று மாலை, கடைவீதிக்குச் சென்று திரும்பும்போது, ஏற்றமான சாலையில் அவன் தன் குதிரையோடு வரக் கண்டேன். அவன் ஏறி வரவில்லை. கடிவாளத்தைத் தோளில் இட்டுக்கொண்டு நடந்து வந்தான். குதிரையும் தலை தாழ்த்தி அவன் பின்னே வந்தது. அவன் வீடு அங்கிருந்து இரண்டு கல் தொலைவு.

"குதிரை இருக்க நடந்து வருகின்றாயே?" என்றேன்.

"காலையிலிருந்து பலரைச் சுமந்துவிட்டது, ஐயா. திரும்பும்போது நான் ஏறுவதில்லை."

"அப்படியானால், இன்று காலை ஏறி வந்தது ஏன்?"

அவன் சற்றுத் தயங்கினான். "இன்று தேர்வு என்று சொல்லியிருந்தீர்கள், ஐயா. நடந்து வந்தால் நேரம் தப்பிவிடும்."

தேர்வு என்று சொன்னதை யான் மறந்தே போயிருந்தேன். மறுமொழி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. சிறிது தூரம் அவர்களோடு நடந்தேன். பின்பு, "இதன் பெயர் என்ன?" என்று குதிரையைக் காட்டிக் கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. மறுநாள் வகுப்பில், எல்லாரும் கேட்க, முந்திய நாள் யான் சொன்னது தவறு என்று கூறினேன். அவன் அன்றும் காலந்தாழ்ந்தே வந்தான்.