வரிக்குக் காசு: புதிய கங்காணிமார் வருகின்றனர்

வெள்ளைச் சீருடையைக் களைந்துவிட்டு வீட்டு மூலையில் அமர்ந்தால் டொலர் மழை பொழியுமாம்! எம்பிலிப்பிட்டிய, இறக்குவானை, இரத்தினபுரி எங்கும் நம் தாதியரின் செவிகளில் ஓதப்படும் ஆசை வார்த்தை இது.

‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்பது அத்தொழிலின் பெயர். அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்தபின் பேசிப் பதிந்து வைக்கும் குறிப்பைக் கேட்டுத் தட்டெழுதித் தருவதே வேலை. அங்கு இரவாயிருக்கையில் இங்கு பகல். 1990களில் சென்னையிலும் பெங்களூரிலும் அது வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தின் பெயரும் உறுப்பின் பெயரும் அறிந்த தாதிக்கு அது கைவரக்கூடியதே. மறுக்கவில்லை நாம்.

இரவுக் கடமையால் நலிந்து, முதுகு ஒடிந்து, கைக்குழந்தையைப் பிரிந்து வாடுகிறவள் வேறு வழி தேடினால், அவளைப் பழிக்க எவருக்கு உரிமையுண்டு? நாம் பழிப்பது அவளையன்று. ஆசை காட்டுவோர் மறைக்கும் கணக்கையே.

கூலி எப்படி அளக்கப்படுகிறது? பெரும்பாலும் வரிக்கு இவ்வளவு என்று. 65 எழுத்து கொண்டது ஒரு வரி என்பது அத்துறையின் வழக்கம். எண்ணுகிறவன் யார்? கூலி கொடுப்பவன். பிழை என்று கழிக்கிறவன் யார்? அவனே. கொழுந்து நிறுக்கும் தராசடியில் கிலோவைப் பறிகொடுத்த தாயின் மகளுக்கு இந்தக் கணக்கை நாமா விளக்க வேண்டும்? நெல்லை விளைவித்துவிட்டுத் தரகன் சொல்லும் விலைக்குக் கைநீட்டும் வலவைக்கரை உழவனுக்கும் இது புதிதன்று.

‘சுயாதீனத் தொழில்’ என்ற பட்டத்தையும் சூட்டுகின்றனர். யாருக்குச் சுயாதீனம்? 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 செலுத்தினால், முதலாளி 12 செலுத்த வேண்டும். 1980இல் வந்த நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 செலுத்த வேண்டும். ‘நீ ஊழியர் அல்லர்’ என்ற ஒரு சொல்லால் இவையனைத்தும் பறக்கின்றன. பிரசவ விடுமுறைச் சம்பளமும் உடன் பறக்கிறது. அரச தாதியாயின் ஓய்வூதிய உரிமையையும் இழக்கிறாள். எஞ்சுவது, இடைத்தரகன் தன் பங்கை எடுத்தபின் வரும் காசு மட்டுமே. ஒவ்வொரு தலைக்கும் கங்காணி தலைக்காசு பெற்ற காலத்தை நம் பாட்டன்மார் அறிவர். கடனோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கங்காணியோ கணினித் திரைக்குள் புகுந்து கொண்டான்!

இதுவாவது நிலைக்குமா? அத்துறையின் பெரும் நிறுவனங்களுள் ஒன்றான எம்மோடல் 2014இல் கடன்சுமை தாளாது நீதிமன்றத்தில் அடைக்கலம் புகுந்தது. பேச்சை எழுத்தாக்கும் இயந்திரங்களுக்குப் பேர்போன நுவான்ஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 1,970 கோடி டொலருக்கு வாங்குவதாக மைக்ரோசொப்ட் 2021இல் அறிவித்தது. இயந்திரம் எழுதுகிறது; மனிதர் திருத்துகின்றனர்; திருத்துவதற்குக் கூலி குறைவு. ஆயினும் மருத்துவர் சொல்லாததை இயந்திரம் தானே புனைந்து எழுதிவிடுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் கண் தாதியின் கண். அந்தக் கண்ணுக்கு அரைக்கூலியா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். போகிறவள் எழுத்து மூலமான ஒப்பந்தமின்றிப் போகலாகாது. வரிக்கன்று, மணிக்குக் கூலி கேட்க வேண்டும். வீட்டிலிருந்து உழைப்போருக்கும் சேமலாப நிதி கிட்டச் சட்டம் திருத்தப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் கொழுந்துக்கூடையோடு நின்றுவிடாது இந்தப் பெண்களையும் அங்கத்தவராக்க வேண்டும்.

அரசினரிடமும் ஒரு கேள்வி. தாதிப் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் உயர்தரச் சித்தி வேண்டும் என்கிறீர். தோட்டத்துப் பிள்ளை அவ்வகுப்பைத் தேடி எத்தனை மைல் போக வேண்டியிருக்கிறது என்று எண்ணினீரா? இத்தடையைத் தாண்டி வந்த ஒருத்தியை, விடுதியின்மையும் இரவில் வாகனமின்மையும் வெளியே தள்ளலாமா? தமிழ் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இறக்குவானைத் தோட்டத்துக் கிழவி எம்பிலிப்பிட்டிய வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்து ‘நெஞ்சை அடைக்குதம்மா’ என்றால், அந்த எழுத்தா எழுந்து வந்து கேட்கும்? தமிழறிந்த தாதியன்றோ கேட்க வேண்டும்!

அவளைக் காக்க விடுதி கட்டுங்கள், வாகனம் விடுங்கள், உரிய சம்பளம் கொடுங்கள். இவற்றைச் செய்யாமல், ‘ஏன் போகிறாள்?’ என்று வினவும் தகுதி உங்களுக்கில்லை.