நல்ல திராட்சையும் கறுப்புத் திராட்சையும்

புத்தூர்ப் பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் பழம் விற்பவர் ‘நல்ல திராக்ஷ’ என்று கூவினால், கேட்பவரின் தாய்மொழியைப் பொறுத்துப் பொருள் மாறும். தெலுங்கில் ‘நல்ல’ என்பது கறுப்பு. தமிழில் அது தரச் சான்று. திருத்தணிப் பக்கமிருந்து வந்தவர் அதை நம்பி வாங்கிப் புளிப்புப் பழத்தோடு வீடு திரும்பினால், விற்றவர் பொய் சொன்னார் என்று குற்றம் சாட்ட முடியாது. இருமொழி வட்டாரங்களில் இத்தகைய வேடிக்கைகள் அன்றாடம் நிகழ்பவை. ஆனால் இந்த வேடிக்கைக்குள் கவனிக்க வேண்டிய ஒரு குறை இருக்கிறது. அந்த வண்டியில் கறுப்பு உண்டு, பச்சை உண்டு, விதையில்லாதது உண்டு. இனப்பெயர் மட்டும் இல்லை. அது எந்தத் திராட்சை, எந்த ஊர்க் கொடியில் காய்த்தது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடையாது. கேட்பவரும் இல்லை.

இத்தாலியில் நிறம் என்பது பேச்சின் தொடக்கம் மட்டுமே. அங்கும் பழத்தைக் ‘கறுப்பு’ என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து வரும் ஒயினைச் ‘சிவப்பு’ என்பார்கள். பச்சையாகத் தோன்றும் பழம் ‘வெள்ளை’, ஒயினும் வெள்ளை. தோலோடு சேர்த்து நொதிக்கவிட்டால் தோலின் நிறம் சாற்றில் இறங்கிச் சிவப்பாகிறது. சாற்றை மட்டும் பிழிந்து நொதிக்கவிட்டால் வெள்ளையாகிறது. இவ்வளவுதான் நிறத்தின் கதை. அதற்குப் பிறகே உண்மையான கேள்வி வருகிறது: எந்த இனம்? அந்நாட்டின் அரசுப் பதிவேட்டில் ஒயினுக்குரிய திராட்சை இனங்கள் 500க்கு மேல் உள்ளன. பியமாந்தே மலைச்சரிவுகளின் நெப்பியோலோ, தஸ்கனியின் சாஞ்சியோவேசே, தெற்கே காம்பானியாவின் அலியானிக்கோ, ஃபியானோ என ஒவ்வொன்றும் தன் நிலத்தோடு பிணைந்த பெயர். நெப்பியோலோ என்ற பெயரை மூடுபனியைக் குறிக்கும் ‘நெப்பியா’ என்ற சொல்லோடு இணைத்து விளக்குவது வழக்கம். அதன் அறுவடைக் காலத்தில் அம்மலைகளில் மூடுபனி இறங்கும்.

இப்பெயர்கள் ஒழுங்கானவை என்று எண்ணிவிட வேண்டாம். சாஞ்சியோவேசே மொந்தால்சினோவில் புருனெல்லோ; ஸ்கான்சானோவில் மொரெல்லினோ; மொந்தேபுல்சியானோ என்ற ஊரில் புருஞோலோ ஜென்தீலே. குழப்பத்தை முழுமையாக்க, அப்ருத்சோ பகுதியில் ‘மொந்தேபுல்சியானோ’ என்ற பெயரிலேயே வேறொரு திராட்சை இனம் உண்டு. அவ்வூர் ஒயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு பொருளுக்குப் பல பெயர், பல பொருளுக்கு ஒரு பெயர் என்று நிகண்டுகள் வகுத்த இரு பகுப்புக்கும் இந்த ஒரே பழம் எடுத்துக்காட்டாகிறது. 1963ஆம் ஆண்டின் சட்டம் இந்தக் குழப்பத்தை ஒரே பெயராக்கித் தீர்க்க முயலவில்லை. இந்த எல்லைக்குள், இந்த இனத்திலிருந்து, இந்த முறையில் செய்தால் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று வட்டாரப் பெயர்களுக்கே சட்டவலு தந்தது.

பெயர் இருந்ததாலேயே எல்லா இனமும் பிழைத்தன என்று சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியரும் பிரெஞ்சு இனங்களான கபெர்னே, மெர்லோ பின்னால் ஓடினார்கள். பியமாந்தேயின் தொர்த்தோனா குன்றுகளில் திமொராஸோ என்ற வெள்ளைத் திராட்சை ஏறத்தாழ அழிந்தே போயிருந்தது. 1980களில் வால்தர் மாஸ்ஸா என்ற உழவர் அதை மறுபடி பயிரிட்டு ஒயினாக்கினார். இன்று அவ்வட்டாரத்தார் அந்த ஒயினுக்கு வைத்திருக்கும் பெயர் ‘தெர்த்தோனா’. அது தொர்த்தோனா நகரின் ரோமானியக் காலத்துப் பெயர். ஒரு பழத்தை மீட்டெடுத்தபோது வழக்கொழிந்த ஊர்ப்பெயர் ஒன்றும் அதனோடு மீண்டு வந்தது.

இங்கே, ‘நாட்டு இனம்’ என்ற பெருமையை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம்மிடையே அதற்கு மிகப் பொருத்தமான சான்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது என்பது அவ்வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. தாவரவியலாளர் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். மரபணு ஆய்வு அதன் பெற்றோரையும் காட்டியிருக்கிறது. ஒன்று அலெக்சாந்திரிய மஸ்கட்; சிசிலிக்குத் தெற்கேயுள்ள பந்தெல்லேரியாத் தீவில் அதற்கு ‘ஸிபிப்போ’ என்று பெயர்; உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் ‘ஸபீப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மற்றது இத்தாலியின் வடகோடி மலைப்பகுதியில் விளையும் ஸ்கியாவா குரோஸ்ஸா. ‘ஸ்கியாவா’ என்றால் அடிமைப் பெண். கொடியைக் கம்பத்தில் கட்டி வளர்த்ததால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். ஆக, கம்பத்துப் பந்தலில் தொங்கும் பழத்துக்கு இத்தாலியில் தாய்வீடும் உண்டு, தந்தைவீடும் உண்டு.

ஆயினும் அது நாட்டுப் பழம்தான். அதை நாட்டுப் பழமாக்கியது அதன் பிறப்பு அன்று, பெயர். உண்டவர்கள் அதில் ரோஜாவின் மணத்தை உணர்ந்தார்கள், ‘பன்னீர்’ என்றார்கள். நாவும் மூக்கும் தவறவில்லை. மஸ்கட் வகைப் பழங்களில் உள்ள ஜெரானியால் என்ற மணப்பொருள் ரோஜாவிலும் உண்டு. இதே திராட்சைக்கு இந்தியாவில் வழங்கும் இன்னொரு பெயர் ‘குலாபி’. பாரசீகத்தில் ‘குல்’ மலர், ‘ஆப்’ நீர். குலாப் என்பதும் பன்னீரே. இரண்டு மொழியார் ஒரே மணத்தை முகர்ந்து ஒரே பெயரிட்டிருக்கிறார்கள். அல்லது ஒருவர் மற்றவரிடமிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதுவாயினும், ஹாம்பர்க் என்ற துறைமுகப் பெயரை உதறிவிட்டு மணத்தின் பெயரை வைத்த அந்தக் கணத்தில் பழம் இந்த மண்ணுக்குரியதாயிற்று.

எதிர்ப்புறத்தையும் பார்க்கலாம். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் ஒயின் சாடிகள் கிடைத்தன. அவற்றுள் காம்பானியாவிலிருந்து வந்தவையும் உண்டு. புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் தந்த தேறலைக் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ அந்தக் காலப்பகுதியிலேயே ரோமில் பிளினி தன் ‘இயற்கை வரலாறு’ நூலின் 14ஆம் பகுதியில் திராட்சை இனங்களைப் பெயர் சொல்லி விவரித்திருக்கிறார். அப்பெயர்களில் எதுவும் சாடியோடு கரையிறங்கித் தமிழுக்குள் வரவில்லை. தெளிந்த மது என்ற பொதுப்பொருள் தரும் ‘தேறல்’ மட்டுமே நின்றது. சரக்கு வந்தது, பெயர் வரவில்லை, அது என்ன ஒயின் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது.

இதே நிலையில்தான் இன்றைய சித்தூர் மாம்பழம் இருக்கிறது. புத்தூரைச் சூழ்ந்த திருப்பதி, சித்தூர் மாவட்டத் தோப்புகளில் பெரும்பங்கு ஒரே இனம். தமிழ் பேசுவோர்க்கு அது கிளிமூக்கு. வணிகருக்குத் தோத்தாபுரி, ‘தோத்தா’வும் கிளிதான். அதற்கே பெங்களூரா என்றும் கலெக்டர் என்றும் பெயர்கள் உண்டு. சாஞ்சியோவேசேக்குச் சற்றும் குறையாத பெயர்ச்செல்வம். ஆனால் கூழ் ஆலையின் வாயிலைத் தாண்டியதும் இத்தனை பெயரும் உதிர்ந்துவிடுகின்றன. பானப் புட்டியின் உட்பொருள் பட்டியலில் பெரும்பாலும் மிஞ்சுவது ‘மாம்பழக் கூழ்’ என்ற இரண்டு சொற்களும் ஒரு விழுக்காடும்தான். விளம்பரத்தில் இனப்பெயர் சொல்ல வேண்டிய தேவை வந்தால் அல்போன்சாவுக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. கிளிமூக்கு கூலியாளாக உள்ளே இருக்கிறது.

பெயரற்ற சரக்கின் விலையை வாங்குபவரே தீர்மானிப்பார். 2025 கோடையில் அது வெளிப்படையாகவே நடந்தது. விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என அறிவித்தது. 8 ரூபாய் ஆலைகள் தர வேண்டும், 4 ரூபாய் அரசு தரும். பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டதும், கோலார் உழவர்களுக்காகக் கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எல்லையின் இருபுறமும் பழம் ஒன்றே. கோலார்ப் பழத்தையும் சித்தூர்ப் பழத்தையும் வேறுபடுத்திச் சொல்ல ஒரு பெயர் குடிப்பவரிடம் சென்று சேர்ந்திருக்குமானால், சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்த வேண்டிய தேவை இவ்வளவு கடுமையாக எழுந்திராது. இத்தாலியிலும் எல்லைக்கோடுகள் உண்டு. அங்கே அவை சிட்டையில் இருக்கின்றன, சாலையில் அல்ல.

பெயர் வைத்தால் விலை ஏறும் என்பது எளிய கணக்கு, அது தவறாகவும் போகலாம் என்பதற்கும் இத்தாலியே சான்று. புரொசெக்கோ என்பது நெடுங்காலம் ஒரு வெள்ளைத் திராட்சையின் பெயர். திராட்சைப் பெயரை உலகில் எவரும் பயன்படுத்தலாம். இடப்பெயரைத்தான் சட்டத்தால் காக்க முடியும். எனவே 2009இல், திரியெஸ்தே அருகேயுள்ள புரொசெக்கோ என்ற சிற்றூரைச் சான்றுகாட்டி, அதை இடப்பெயராக அறிவித்தார்கள். திராட்சைக்குக் ‘கிளேரா’ என்ற பழைய மாற்றுப்பெயரைக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் அக்கொடியை நட்டவர்கள் அப்பெயரை விட்டுத்தர மறுத்து இன்னும் வாதிடுகிறார்கள். பெயர் என்பது சொத்து என்றால் அதற்குப் பங்காளிச் சண்டையும் உண்டு. நாளை ‘சித்தூர் தோத்தாபுரி’ என்று ஒரு குறியீடு வருமானால் அது ஆலை முதலாளியின் கையில் இருக்குமா, தோப்புக்காரரின் கையில் இருக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ‘கிளிமூக்கு’ அந்த ஆவணத்தில் இடம்பெறுமா என்பது இரண்டாவது. மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் சாஞ்சியோவேசே பயிரிட்டு அந்த இனப்பெயரோடு ஒயின் விற்கும் நாடு, தன் பழத்தின் பெயரைத் தன் புட்டியில் போடக் கூசுவது விந்தை.

இதில் மொழியியலாருக்கு வேலை இல்லை என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொகுத்த தெலுங்கு வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி உழவுத்தொழிலுக்கு உரியது; 1962இலேயே வெளிவந்துவிட்டது. அது தெலுங்குக்கான பணி. புத்தூர், நகரி வட்டாரத் தமிழரின் தோப்புச் சொற்கள், அதாவது பிஞ்சின் பருவங்கள், காம்பின் நிலைகள், ஒரே மரத்துக்கு இரு மொழியிலும் வழங்கும் பெயர்கள் ஆகியவை அத்தகைய கவனத்துக்காகக் காத்திருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தைவிட இதற்குப் பொருத்தமான இடம் வேறில்லை. களப்பணிக்கு உகந்த காலம் சூன் மாதம். கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்கள் நீண்ட வரிசையில் நிற்கும். ஓட்டிவந்தவர்கள் வண்டி நிழலில் அமர்ந்து முறைக்காகக் காத்திருப்பார்கள். சொல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய நேரம் கிடைக்கும்.