கோச்சிப் படம் மேசையில் எடுப்போம்



"ரெஜிபோமில கோச்சி செய்றது படிக்கிற பிள்ளைக்கு வீண் வேலை" என்று போன கிழமை ஒரு வாப்பா சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

வெளிநாட்டில் பரவலாக விற்கும் எச்.ஓ. மாதிரி ரயில்கள் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அவற்றின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீற்றர் பாதைக்கு அது சரி. நம் நாட்டுப் பாதையோ 1676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். ஆகவே நம் கோச்சிக்குப் பிள்ளைகளே அளந்து தண்டவாளம் செய்ய வேண்டும். விகிதம் படிக்க இதைவிட நல்ல வழி உண்டா?

அதைவிடப் பெரிய பாடமும் இருக்கிறது. வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்தில் நின்று செல்பி எடுக்கும் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அளவாகச் செய்த பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தால், அது இரு பக்கமும் வெளியே நீட்டி நிற்பது தெரியும். தண்டவாளத்தை ஒட்டி ஒரு அட்டை மனிதனை நிறுத்திப் பெட்டியைத் தள்ளுங்கள். அடிபட்டு விழுவான். அதைப் பார்த்த பிள்ளைக்கு நம் பயான் தேவையில்லை.

படம் வேண்டுமா? போனைத் தலைகீழாகப் பிடித்து, கெமராவை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். நிஜக் கோச்சி எதிரே வருவது போலவே இருக்கும்.

உம்மா வாப்பாமாரே, இந்த விடுமுறைக்கு ஒரு பிரிஸ்டல் போர்ட்டும் அடிமட்டமும் வாங்கிக் கொடுங்கள். தண்டவாளம் கோச்சிக்கு மட்டும் இருக்கட்டும்.